ஸ்டெல்லா டீச்சருக்குப் பொறுமை கிடையாது

விழுப்புரம் பேருந்து நிலையத்தில் திண்டிவனம் வண்டிக்காக நின்றிருந்தபோது சேவியரின் அழைப்பு வந்தது. "அக்கா போய்ட்டாங்க டீச்சர்" என்றான். ஸ்டெல்லா டீச்சரின் தம்பி அவன். இடுப்பெலும்பு முறிவுக்கு அறுவை சிகிச்சை முடிந்து, அவர் தேறிவருவதாகத்தான் நம்பியிருந்தோம். நுரையீரலில் தொற்று பரவி மூச்சு நின்றுவிட்டது.

அவரும் நானும் ஒரே பள்ளியில் கணக்கு நடத்தினோம். அவருக்கு முதலில் கால்கள் தளர்ந்தன. தசையில் சிறு துணுக்கை வெட்டியெடுத்துப் பரிசோதித்தவர்கள், எதிர்ப்பு அணுக்கள் திரண்டு தசையில் அழற்சி உண்டாகியிருக்கிறது, ஸ்டீராய்டில் சரியாகும் என்றார்கள். ஆண்டுக்கணக்கில் விழுங்கினார். முகம் உப்பியது, சர்க்கரை ஏறியது, எலும்பு மெலிந்தது. கால்களுக்குப் பலம் மட்டும் திரும்பவில்லை. போய்க் கேட்டால் மாத்திரையின் அளவைக் கூட்டி அனுப்புவார்கள். ஒருநாள் ஆசிரியர் அறையில் சொன்னார்: "தப்பா போட்ட கணக்கையே திரும்பத் திரும்பப் போட்டுக்கினு இருக்காங்க. முதல் வரிய யாரும் பாக்க மாட்றாங்க."

ஒரு கிறிஸ்துமஸுக்கு அவர் வீட்டில் இருந்தேன். பரணிலிருந்து குடில் பொம்மைகளை எடுக்க சேவியர் எம்பினான். குதிகால் தரையை விட்டு எழவில்லை. டீச்சரின் முகம் மாறியது. "எனக்கும் இப்டிதான் ஆரம்பிச்சுது" என்றார்.

மூவரும் மருத்துவமனைக்குப் போனோம். மருத்துவர் அவனுக்கும் ஸ்டீராய்டு எழுதத் தொடங்கினார். டீச்சர் குறுக்கிட்டார்.

"கொஞ்சம் நிறுத்துங்க சார். அக்காவுக்கும் தம்பிக்கும் ஒரே மாதிரி வருதுன்னா பரம்பரையா வர்றதா இருக்கலாம் இல்ல? ஜீன் டெஸ்ட் எழுதிக் குடுங்க. அது வர்ற வரைக்கும் இவன் ஒரு மாத்திரகூட போட மாட்டான்."

முடிவு வந்தது. இருவருக்குமே பரம்பரைத் தசைச் சிதைவு. தசை உறையில் விழும் கிழிசலை அடைக்க வேண்டிய புரதம் அவர்களுக்கு இல்லை. கிழிந்த இடத்துக்கு வந்து சேர்ந்த அணுக்களையே இத்தனை காலம் நோய்க்குக் காரணமாக எண்ணியிருந்தார்கள். அழற்சியும் கேடு செய்யும்தான். வேறு வகைத் தசைச் சிதைவில் அதே மாத்திரை உதவவும் செய்யும். இந்த வகையில் அது இருக்கிற பலத்தையும் குறைக்கலாம் என்று அப்போதுதான் எங்களுக்குச் சொன்னார்கள்.

டீச்சர் மாத்திரையைப் படிப்படியாக நிறுத்தினார். எலும்பு தேறவில்லை. குளியலறையில் ஒரு சின்னச் சறுக்கலே அவரைப் படுக்கையில் தள்ளிவிட்டது.

சேவியர் தடியூன்றிக் கல்லறைவரை நடந்தே வந்தான். அவன் நோய்க்கு இன்னும் மருந்தில்லை. தவறான மருந்தாவது அவன் உடம்புக்குள் போகவில்லை.

அடக்கத்தில் பலர் அவருடைய பொறுமையைப் புகழ்ந்தார்கள். கேட்கக் கேட்க எரிச்சலாக இருந்தது. கூட வேலை பார்த்த எனக்குத் தெரியும், டீச்சருக்குப் பொறுமை கிடையாது. பொறுங்கள், பொறுங்கள் என்று சொல்லியே மருத்துவர்கள் அவரை முடக்கினார்கள். அவருடைய கோபத்தை நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். அதைத் தணிய விடுவதாக இல்லை.