கைசர் கோணல்

டர்க்கி ஃபோர்க்கில் ஹோபார்ட்டின் இரும்புக்கடைக்கு வரும் ஆண்கள், துப்பாக்கிப் பகுதியில் லுரீன் ஸ்டில்ட்னர் நிற்பதைப் பார்த்ததும் இருபத்தாறு வருடமாக ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்.

"உள்ள ஆம்பளைங்க யாரும் இல்லையா?"

"ஒருத்தர் இருக்கார். சந்தேகம் வந்தா என்கிட்டதான் வந்து கேப்பார். கூப்பிடட்டுமா?" என்பார் லுரீன்.

ஹோபார்ட் கடையின் பின்பக்கத்திலிருந்து எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

லுரீன் இந்த வேலைக்கு ஆசைப்பட்டு வந்தவர் இல்லை. கணவர் டார்ஸி நிலக்கரிச் சுரங்கத்தில் கூரை சரிந்து செத்தார். "தொழிலாளியின் கவனக்குறைவு" என்று கம்பெனி ஒரு தாளில் எழுதிக் கொடுத்தது. அந்தக் கூரைக்கு எத்தனை முட்டுக்கட்டை கொடுத்தார்கள், அவை எவ்வளவு இடைவெளியில் நின்றன என்று ஒருவரும் அளக்கவில்லை. செத்தவன்மேல் பழி போடுவது சுலபம், அவன் எழுந்து வந்து மறுக்கப் போவதில்லை. அந்தத் தாளைப் படித்த நாளிலிருந்து, எதையும் அளந்து பார்க்காமல் ஆளைக் குறை சொல்பவர்களைக் கண்டால் லுரீனுக்குப் பற்றிக்கொண்டு வரும். எங்கள் ஊரில் அப்படிப்பட்டவர்களுக்குப் பஞ்சமே இல்லை.

போன செப்டம்பரில், பிள்ளைகளுக்கான அணில் வேட்டை தொடங்க இரண்டு நாள் இருக்கும்போது, வெண்டல் கைசர் தன் பதினொரு வயது மகள் டெஸ்ஸாவுடன் கடைக்கு வந்தான். நான் கதவுக் கீல் வாங்க நின்றிருந்தேன். சுவரில் இருந்ததிலேயே நீளமான இருபத்திரண்டு காலிபர் துப்பாக்கியை வெண்டல் கைகாட்டினான்.

"அதை எடுங்க மிஸ் லுரீன். போன வருஷம் பூரா ஒண்ணுகூட விழல. இதுலயும் தப்பவிட்டாள்னா காடு கீடெல்லாம் இவளுக்கு முடிஞ்சுது. சின்னவன் இருக்கான், அவனைக் கூட்டிட்டுப் போயிருவேன்."

டெஸ்ஸா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சின்னவனுக்கு ஏழு வயது. இன்னும் செருப்பை மாற்றிப் போடுகிறவன்.

லுரீன் துப்பாக்கியைத் திறந்து உள்ளே காலி என்று காட்டிவிட்டு, அடிக்கட்டையைச் சிறுமியின் முழங்கை மடிப்பில் வைத்தார். அவள் விரல் விசைக்கு இரண்டங்குலம் இப்பால் நின்றது.

"எட்டல."

"வளந்துருவா."

"இது என்ன குளிர்கோட்டா வெண்டல், பெருசா வாங்கிக் கையை மடிச்சு விட? சனிக்கிழமைக்குள்ள எவ்வளவு வளருவா?"

"எங்க அப்பா எனக்கு இதே அளவுதான் வாங்கிக் குடுத்தார்."

"சரி, கண்ணு, தோள்ல வெச்சுக் காட்டு."

டெஸ்ஸா கட்டையை வலது தோளில் வைத்து, கழுத்தை முறித்துக்கொள்வதுபோல் தலையைக் கட்டைக்கு மேலாக அந்தப் பக்கம் சாய்த்தாள். ஊருக்கே தெரிந்த சாய்ப்பு அது. கைசர் கோணல் என்று பெயர். தேவாலயத்துச் சுடும் போட்டியில் அரை மைல் தள்ளி நின்றாலும் கைசர் வீட்டு ஆளை அடையாளம் சொல்லிவிடலாம். மூன்று தலைமுறையாக அதைப் பரம்பரைச் சொத்துபோல் பிள்ளைகளுக்குக் கற்றுக் கொடுத்திருக்கிறார்கள். ஏன் என்று கேட்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

லுரீன் துப்பாக்கியை வாங்கிக் கீழே வைத்தார். "ரெண்டு கையையும் நீட்டி, நடுவுல சின்ன ஓட்டை மாதிரி சேத்துப் பிடி. அது வழியா என் மூக்கைப் பாரு."

டெஸ்ஸா பார்த்தாள். எதிரே நின்ற லுரீனுக்கு ஓட்டைக்குள் தெரிந்தது அவளுடைய இடது கண்.

"உன் பொண்ணுக்குக் குறி பார்க்கிற கண்ணு இடது. இடது தோள்ல வெச்சா கழுத்தை ஒடிக்க வேண்டாம்."

"அவ வலது கையாலதான் எழுதுறா. எங்க வம்சத்துல இடதே கிடையாது. தீர்ப்பு நாள்ல கெட்டவங்களை வெள்ளாடுங்க மாதிரி இடது பக்கம் நிறுத்துவார்னு வேதத்துலயே இருக்கு."

"ஆட்டுக்கும் அணிலுக்கும் என்ன சம்பந்தம், சொல்லு பார்ப்போம்?"

வேதத்தை இழுக்கிறவர்களிடம் அடுத்த கேள்விக்குப் பதில் இருப்பதில்லை.

கடைக்குப் பின்னால் ஓடைக்கரை மண்மேட்டில் குறி சரிபார்க்கும் இடம் உண்டு. லுரீன் இரண்டு துப்பாக்கிகளை எடுத்து வந்தார். ஒன்று வெண்டல் கேட்டது. மற்றது நடுவில் மடித்துத் திறந்து ஒரே ஒரு தோட்டா போடும் குட்டை ரகம். எந்தத் தோளுக்கும் ஒத்து வரும், எடையும் பாதிதான். நீளத் துப்பாக்கியில் வலது தோளிலிருந்து டெஸ்ஸா ஐந்து தடவை சுட்டாள். மேட்டில் குத்தியிருந்த குறித்தாளில் பட்டது ஒன்று. குட்டையில் இடது தோளிலிருந்து ஐந்து. நான்கு பட்டன, அதில் மூன்று ஒரு பிஸ்கட் அகலத்துக்குள்.

"அதிர்ஷ்டம்" என்றான் வெண்டல்.

"இன்னும் அஞ்சு சுடு கண்ணு. உங்கப்பாவுக்கு எண்ணத் தெரியுதான்னு பார்ப்போம்."

இந்தத் தடவை ஐந்தும் பட்டன.

"இப்ப நீ" என்றார் லுரீன். "கையை நீட்டி ஓட்டை பிடி."

வெண்டல் கைகளைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டான்.

"பயமா இருக்கா டாடி?" என்றாள் டெஸ்ஸா.

வேறு வழியில்லாமல் பிடித்தான். ஓட்டைக்குள் இடது கண்தான் தெரிந்தது.

"முப்பது வருஷமா கழுத்து வலி" என்றான் வெண்டல் மெதுவாக. "டாக்டர் தலகாணியை மாத்தச் சொன்னார். நாலு தலகாணி மாத்தினேன்."

அத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் மனிதன் லேசில் திருந்துகிற பிராணியா? உள்ளே வந்து துப்பாக்கி வாங்கும் படிவத்தைப் பூர்த்தி செய்யப் பேனாவை எடுத்தவன் நிறுத்தினான்.

"குட்டையே இருக்கட்டும். ஆனா எங்கப்பா இருக்கும்போது மட்டும் வலது தோள்ல வெச்சுக்கட்டும். அவர் மனசு கஷ்டப்படும்."

லுரீன் துப்பாக்கியைப் பெட்டிக்குள் வைத்து மூடினார். "விக்க மாட்டேன்."

"மிஸ் லுரீன்..."

"புள்ளைக்குக் குறி வராததுக்குப் புள்ளையைத் திட்டினே. இப்ப குறி வருது, அதை மறைக்கச் சொல்றே. கெழவர் மனசு கஷ்டப்படாம இருக்க இவ கழுத்து கோணணுமா? வேற கடைக்குப் போ."

ஹோபார்ட் பின்பக்கத்திலிருந்து இருமினார். அதற்குமேல் அவருக்குத் துணிச்சல் வரவில்லை.

டெஸ்ஸாதான் பேசினாள். "நான் தாத்தா முன்னாடியும் இடதுலதான் வெப்பேன் டாடி. அதுக்காகக் காட்டுக்குக் கூட்டிட்டுப் போகலேன்னா பரவால்ல. தப்பவிட்டேன்னு மட்டும் சொல்லக் கூடாது."

வெண்டல் மகளைப் பார்த்தான். அப்புறம் கையெழுத்துப் போட்டான். லுரீன் பெட்டியை டெஸ்ஸா பக்கம் தள்ளினார்.

சனிக்கிழமை ஹிக்கரி மரங்களுக்கு அடியில் டெஸ்ஸா நான்கு தோட்டாவில் இரண்டு சாம்பல் அணிலை வீழ்த்தினாள். அதைத் திங்கட்கிழமை கடைக்கு வந்து சொன்னவனும் வெண்டல்தான், ஏதோ எல்லாம் தன் யோசனை என்பதுபோல.

"உங்கப்பா என்ன சொன்னார்?" என்று கேட்டார் லுரீன்.

"இடது தோள் அணிலைத் தொட மாட்டேன்னுட்டார். அது வெந்த குழம்பை மட்டும் ஊத்தி அஞ்சு பிஸ்கட் ரொட்டி சாப்ட்டார்."

லுரீன் இரண்டு கைகளாலும் நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

"குழம்பு மட்டும் வலது தோள்ல சுட்டதாமா?"