என் கறிபாப்பைப் பறித்த கம்பி

போன வாரம் எனக்குக் கறிபாப் வரவில்லை. திங்கட்கிழமை வரவில்லை. செவ்வாய்க்கிழமையும் வரவில்லை... சிரிக்காதீர்கள். விஷயம் உருளைக்கிழங்குக் கறி வைத்துப் பொரித்த வெறும் கறிபாப் பலகாரம் அல்ல.

கோல சிலாங்கூரில் ஒரு தோட்டக் கம்பெனியின் கம்ப்யூட்டர் அறையில் எனக்கு வேலை. சுற்றுவட்டாரத் தோட்டங்களுக்கெல்லாம் சம்பளம் போடும் புரோகிராம்களின் மூலப் பிரதி அங்கே ஒரு பெரிய கம்ப்யூட்டரில் இருக்கிறது. யாராவது அதில் ஒரு வரியை மாற்றினாலும், டிஸ்கில் எடுத்துக்கொண்டு என்னிடம் வரவேண்டும். நான் அதைப் பக்கத்தில் உள்ள சின்னக் கம்ப்யூட்டரில் போட்டு ஓட்டிப் பார்ப்பேன். பழைய சம்பளக் கணக்கோடு விடை ஒத்துப்போனால்தான் அனுமதி.

தோட்டத்தில் பிறந்தவர்களுக்குச் சட்டென்று புரியும். காலைப் பெரட்டில் பேர் கூப்பிட்டு, ஆள் பார்த்து வேலைக்கு அனுப்புவாரே மண்டோர் — புரோகிராம்களுக்கு நான்தான் அந்த மண்டோர். மண்டோரிடம் வெறுங்கையோடு யார் போவார்கள்? என்னோடு வேலை செய்யும் ராமு டிஸ்க் கொண்டுவந்தால் கூடவே கறிபாப் பொட்டலமும் வரும். "அண்ணே, கொஞ்சம் சீக்கிரம் பாத்துக் குடுங்க லா" என்பான். நான் அவசரப்படவே மாட்டேன்.

இந்தச் சமயத்தில்தான் சாந்தி வேலைக்கு வந்து சேர்ந்தாள். கலும்பாங் ஊர்ப் பெண்.

"எதுக்குண்ணே டிஸ்க தூக்கிட்டு அலையணும்? ரெண்டையும் கம்பி போட்டுச் சேத்துட்டா, பெரிசுல யாராச்சும் மாத்துனதும் சின்னது தானா எடுத்து ஓட்டிப் பாத்துடும். தப்பு இருந்தா பிரிண்டர்ல அடிச்சுக் காட்டிடும்."

மேனேஜருக்கு வாயெல்லாம் பல். வெள்ளிக்கிழமைக்குள் செய்து காட்டினால், இனிமேல் சரிபார்க்கும் வேலை எந்திரத்துக்கே என்று சொல்லிவிட்டார். அப்படியானால் அந்த அறையில் நான் எதற்கு?

பொறாமை வந்தது. கொஞ்சநஞ்சம் அல்ல... வயிறு எரிந்தது. அவள் அரைகுறையாக இருந்திருந்தால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். அவள் இல்லாத நேரம் பார்த்து, அதற்காக அவள் எழுதிய புரோகிராமை வரி வரியாகப் படித்தேன். ஒரு குறை கிடைக்கவில்லை. அன்று எனக்குச் சோறே இறங்கவில்லை.

ஆனால் கம்பி போட்ட பிறகும் இரண்டு எந்திரங்களும் ஊமையாகவே இருந்தன. சாந்தி கழற்றுகிறாள், மாட்டுகிறாள் — ஒன்றும் நடக்கவில்லை. எனக்குப் பார்த்தவுடனே காரணம் தெரிந்துவிட்டது. ஒரு எந்திரம் பேசும் கம்பி, மற்றது கேட்கும் கம்பியோடு சேரவேண்டும். அவள் பேசும் கம்பியைப் பேசும் கம்பியோடே சேர்த்திருந்தாள். சம்பந்திகள் இருவரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தால் எந்தக் கல்யாணம் முடியும்?

சொல்ல வேண்டியதுதானே, வாயில் என்ன கொழுக்கட்டையா என்று கேட்பீர்கள். ஆமாம், கொழுக்கட்டைதான். வியாழன் முழுக்க அது வாயிலேயே இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை சாந்தி என் மேசைக்கு வந்தாள். முகம் வாடிக் கிடந்தது.

"முடியலண்ணே. கம்ப்யூட்டர் வித்த கடையிலேர்ந்து இன்ஜினியர வரச் சொல்லிட்டாரு மேனேஜரு. கேஎல் பட்டணத்துலேர்ந்து மத்தியானம் வந்துருவாரு."

அந்த இன்ஜினியரை எனக்குத் தெரியும். கழுத்தில் டை, கையில் பெட்டி. வந்ததும் கம்பியை மாற்றிவிடுவான். மேனேஜர் அவன் தோளில் தட்டி, மீன் தலைக் கறியோடு சாப்பாடு வாங்கிக் கொடுப்பார். என் அறையில், எனக்குத் தெரிந்த வித்தைக்கு, அவனுக்குப் பெயரா? அந்த நிமிடமே சாந்தி மேல் இருந்த பொறாமை அவன் மேல் தாவிவிட்டது.

"சால்டரிங் அயர்ன எடு" என்றேன். "பேசுற கம்பியையும் கேக்குற கம்பியையும் மாத்திப் பத்தவை."

"எப்படிண்ணே கண்டுபிடிச்சீங்க?"

"பாத்தாலே தெரியும்."

"எப்பப் பாத்தீங்க?"

நான் பிளக் எங்கே இருக்கிறது என்று தேடப் போய்விட்டேன்.

இன்ஜினியர் வந்தபோது பிரிண்டர் தானாகவே கடகடவென்று அடித்துக்கொண்டிருந்தது. "அண்ணன்தான் கம்பிய சரி பண்ணாரு" என்று சாந்தி எல்லோர் முன்பும் சொன்னாள். மேனேஜர் என் கையைக் குலுக்கினார். இனிமேல் உங்களுக்குச் சுமை குறைந்தது என்றார். டை கட்டியவனை ஜெயித்த சந்தோஷத்தில் நானும் பல்லைக் காட்டினேன். எதைத் தோற்றேன் என்பது வீட்டுக்குப் போகிற வழியில்தான் உறைத்தது.

போன வாரக் கதை இதுதான். யாரும் டிஸ்க் கொண்டுவரவில்லை, யாரும் என்னைத் தேடவில்லை. புதன்கிழமை ராமு வந்தான், கையில் கறிபாப் பொட்டலத்தோடு. பழக்கதோஷம். என்னைப் பார்த்தான், எந்திரத்தைப் பார்த்தான், கொஞ்சம் யோசித்தான்... பொட்டலத்தைச் சின்னக் கம்ப்யூட்டரின் தலைமேல் வைத்தான்.

"இப்ப இதுதானேண்ணே பாத்துக் குடுக்குது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

அறையில் யாரும் இல்லை. பொட்டலம் சூடாக இருந்தது. எந்திரத்திடம் ஒரு வார்த்தை கேட்காமல் எல்லாவற்றையும் நானே தின்று தீர்த்தேன்.

பசி ஆறிவிட்டது, வயிற்றெரிச்சல் மட்டும் அப்படியே இருக்கிறது.