றைன் கரையில் றோஸ் கேட்ட பகல்

ஒஸ்லோவின் ரொம்சோஸ் பகுதியில் றோசைத் தெரியாத தமிழ்க் குடும்பம் இல்லை. மழை கொட்டினாலும் பனி விழுந்தாலும் பாலர் பள்ளிப் பிள்ளைகளை வரிசையாக நடத்திக்கொண்டு காட்டுக்குள் போகிறவள் அவள்தான். மன்னாரில், பேசாலைக் கடற்கரையில் பிறந்தவள். கல்யாணம் முடித்து ஒஸ்லோவுக்கு வரும்வரை காடு என்றால் பாம்பு இருக்கிற இடம் என்றே நினைத்திருந்தாள். பாலர் பள்ளியில் வேலை கிடைத்த பிறகு கூட வேலை செய்த நோர்வேக்காரிகள் அவளை நடக்கப் பழக்கிவிட்டார்கள். கால் பழகியதும் ஆசை பிடித்துவிட்டது, பிறகு யார் சொல்லியும் அவள் நின்றதில்லை.

ஞாயிறு பூசை முடிந்த கையோடு கோயில் பெண்களை இழுத்துக்கொண்டு காட்டுக்குப் போய்விடுவாள். ஆளுக்கொரு வெறும் ஐஸ்கிறீம் பெட்டி. திரும்பி வரும்போது அது முட்ட நீலப்பழம். நோர்வேயில் காடு யாருடையதாக இருந்தாலும் யாரும் நடக்கலாம், பழம் ஆயலாம். குறுக்கே வேலி இருந்தால் கடந்துவிட்டுப் படலையைச் சாத்தினால் சரி. “வேலி ஆட்டுக்குத்தான், ஆளுக்கில்லை” என்பது றோஸ் வாயில் எப்போதும் நிற்கிற பேச்சு.

அவளுடைய புருசன் சூசைரட்ணம் ஒஸ்லோவில் பஸ் ஓட்டுகிறவர். அதிகம் கதைக்காத, நல்ல மனுசன். ஒவ்வொரு ஆகஸ்டிலும் ஜேர்மனியில் கெவலார் மாதாவிடம் தமிழர் யாத்திரை போவார்களே, அதற்கு ரொம்சோசிலிருந்து வாடகைக்கு வான் வண்டி பிடித்து ஓட்டிப் போகிறவரும் அவர்தான். சுவீடன் தாண்டி, டென்மார்க் தாண்டிச் சிரித்துப் பேசிக்கொண்டு போவார். ஜேர்மனி எல்லை வந்ததும் வாய் மூடிவிடும். பெற்றோல் அடிக்க இறங்குவார், கோயிலுக்கு இறங்குவார். வேறு எங்கும் கால் வைக்க மாட்டார்.

அதற்குக் காரணம் றோசுக்குத் தெரியும். நோர்வேக்கு வருமுன் அகதியாக ஜேர்மனியில்தான் அவர் வந்து இறங்கினார். கேட்ட புகலிடம் கிடைக்காமல் ஒரு விடுதியில் காத்துக் கிடந்தார். இந்த எல்லைக்குள்தான் இருக்க வேண்டும், தாண்டக்கூடாது என்று உத்தரவு. அவருக்குக் குறித்த எல்லை றைன் ஆற்றோடு முடிந்தது. ஒருமுறை பக்கத்து ஊர்ப் பூசைக்குப் போக ரயில் ஏறியவரைப் பொலிஸ்காரர் மறித்து, பகல் முழுக்க நிலையத்து வாங்குப் பலகையில் இருத்தி வைத்துவிட்டு அனுப்பினார்கள். அடிக்கவில்லை, ஏசவும் இல்லை. ஆனால் அந்த வாங்கை அவர் மறக்கவில்லை.

2004ஆம் ஆண்டு கோடையில், அவர் யாத்திரைக்கு வான் ஒழுங்கு செய்துவிட்டு வந்த அன்றைக்கு றோஸ் குசினியில் வைத்துக் கதையைத் தொடங்கினாள்.

“இந்த முறை பூசைக்கு அடுத்த நாள் எனக்கு வேணும்.”

“என்னத்துக்கு?”

“றைன் ஆத்தங்கரையிலை பறவையளுக்கு எண்டு காவல் பண்ணி வைச்சிருக்கிற இடம் இருக்காம். எங்கடை பாலர் பள்ளிப் பொறுப்பாளர் போய்ப் பாத்தவ. கெவலாரிலையிருந்து கொஞ்ச நேர ஓட்டம்தானாம்.”

“கொண்டுபோய் விடுறன்.”

“விட்டால் காணாது. நீங்களும் இறங்கி என்னோடை நடக்கோணும்.”

“அதைமட்டும் கேளாதை, றோஸ்.”

“அதைத்தான் கேக்கிறன்.”

அவர் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பிப் போனார். றோஸ் அசையவில்லை. கூட்டிக்கொண்டு போனால் மனுசன் இறங்குவார் என்று அவள் மனம் சொல்லிவிட்டது. இத்தனை காலமும் காட்டிலும் மேட்டிலும் ஊர்ப் பெண்களோடு நடந்தவள், கட்டினவரோடு ஒரு ஆற்றங்கரையில் நடக்காமல் விடுவதா?

பூசை முடிந்த மறுநாள் வானில் ஏறிய பெண்களுள் மேரியம்மாதான் எதிர்க்கட்சி. இவர்கள் இருக்கிற அதே மாடிக் கட்டடத்தில் இருப்பவர், றோசுக்கு மேரியக்கா. கெவலார் முடிந்தால் எசன் நகரத்துத் தமிழ்க் கடைகளுக்குப் போய்ச் சீலையும் முருங்கைக்காயும் வாங்குவது அவருக்குப் பூசையின் கடைசிப் பகுதி மாதிரி.

“ஆத்தைப் பாக்க இவ்வளவு தூரம் வரோணுமே? ஒஸ்லோவிலை தண்ணி இல்லையே?” என்றார்.

“முருங்கைக்காயும் ஒஸ்லோவிலை இருக்குத்தானே, மேரியக்கா.”

“அது காஞ்ச காய், பிள்ளை!”

வான் முழுக்கச் சிரிப்பு. சூசைரட்ணம் மட்டும் சிரிக்கவில்லை. ஆற்றங்கரைத் தரிப்பிடத்தில் வானை நிறுத்தி, இருக்கையைச் சாய்த்து, “போட்டு வாங்கோ, நான் இஞ்சை இருக்கிறன்” என்றார். றோஸ் அவர் பக்கக் கதவைத் திறந்து பிடித்தபடி நின்றாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். சரி, கொஞ்சம் காற்றுப் படட்டும் என்று கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டுப் பெண்களோடு நடந்தாள்.

றைன் முன்னொரு காலத்தில் வளைந்து ஓடிப் பிறகு கைவிட்டுப்போன பழைய வாய்க்கால் அந்த இடம். தண்ணீர் அசையாமல் கிடந்தது. புல்வெளியில் சிவந்த கால் நாரைகள் மாட்டுக்குப் பின்னால் மாடுபோலவே மெதுவாக நடந்தன. பாதையோரத்தில் பச்சைக் கரை போட்ட முக்கோணப் பலகை, நடுவில் ஒரு பறவைப் படம். “பாத்தியளே, பறவை இருக்கிற இடம் எண்டு படம் போட்டு வைச்சிருக்கிறாங்கள்” என்று றோஸ் விளக்கம் சொன்னாள். பலகைக்கு அப்பால் குறுக்கே போட்ட ஒரு நீளத் தடி. அதற்கும் அப்பால் தண்ணீர் வரைக்கும் முட்பற்றை. பற்றை நிறையக் கறுத்து மினுங்குகிற பழம்.

மேரியம்மா அந்த நேரம் எசனை மறந்துபோனார். “ஐயோ, எடுக்க ஆளில்லாமல் கிடக்குது!”

பைகளிலிருந்து ஐஸ்கிறீம் பெட்டிகள் வெளியே வந்தன. றோஸ்தான் முதலில் தடியைத் தாண்டினாள். நோர்வேயில் செய்வதைத்தான் செய்தாள். எல்லோரும் பின்னாலே இறங்கினார்கள். பற்றை முறிகிற சத்தத்தில் தண்ணீரில் கிடந்த காட்டு வாத்துகள் ஒரேயடியாக எழும்பி, வானம் கறுக்கப் பறந்தன.

“என்ன வடிவு!” என்றாள் றோஸ், அண்ணாந்து பார்த்து.

அப்போதுதான் சத்தம் கேட்டது. பச்சைச் சீருடை போட்ட, நரைத்த ஒரு மனிதர் சைக்கிளைப் பாதையில் போட்டுவிட்டுக் கையை வீசிக் கத்திக்கொண்டு வந்தார். கழுத்தில் தூரம் பார்க்கிற கண்ணாடி ஆடியது. மேரியம்மா பெட்டியைச் சால்வைக்குள் ஒளித்தார். ஒளித்து என்ன, வாய் முழுக்க ஊதா. றோஸ் மேலே ஏறி வந்து அவர் முன்னால் நிமிர்ந்து நின்று, காடு எல்லாருக்கும் பொது என்று நோர்வே மொழியில் சொன்னாள். விளங்கவில்லை. இன்னும் உரத்துச் சொன்னாள். அவர் அந்த முக்கோணப் பலகையை விரலால் தட்டித் தட்டிக் காட்டினார்.

றோசின் கண் தரிப்பிடத்துக்குப் போனது. சீருடை போட்ட காவல்காரர், தாண்டக்கூடாத கோடு, கத்தல். இந்த மனுசன் எதற்குப் பயந்து இத்தனை வருசம் இறங்காமல் இருந்தாரோ, அதையே கொண்டுவந்து அவர் கண்முன்னே நிறுத்திவிட்டேனே என்று தன்னையே நொந்துகொண்டாள். இனி இவர் எந்தக் காலத்தில் இறங்கப்போகிறார்?

சூசைரட்ணம் வானைவிட்டு இறங்கி வந்துகொண்டிருந்தார்.

வேகமாக இல்லை. சேர்ட்டை இழுத்துச் சரிசெய்துகொண்டு வந்தார். வந்து றோசுக்கும் அந்த மனிதருக்கும் நடுவில் நின்று ஜேர்மன் மொழியில் பேசினார். கட்டி இத்தனை வருசத்தில் அவர் அந்த மொழி பேசி றோஸ் கேட்டதில்லை. தடக்கித் தடக்கித்தான் வந்தது, ஆனால் நின்றுபோகவில்லை. காவல்காரரின் கை கீழே இறங்கியது. அவர் ஏதோ கேட்டார். சூசைரட்ணம் ஆற்றின் மறுகரைப் பக்கம் கையைக் காட்டி இரண்டொரு சொல் சொன்னார். அந்த மனிதரும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

“என்னவாம்?” என்று றோஸ் குசுகுசுத்தாள்.

“பறவையள் இஞ்சை ஆறுதலாக் கிடக்கிற இடமாம். ஒரு ஆள் இறங்கினாலும் எல்லாம் எழும்பிப் போயிடுமாம். அதுக்குத்தான் தடி போட்டது.”

“அது ஞாயம்தான்” என்றாள் றோஸ். பிழை தன்னுடையது என்று தெரிந்ததும் இழுக்கவில்லை. காவல்காரரைப் பார்த்துத் தலை தாழ்த்தினாள். “நான்தான் கூட்டிக்கொண்டு இறங்கினனான், மன்னிச்சுக் கொள்ளச் சொல்லுங்கோ. உங்களிட்டை என்ன கேட்டவர்?”

“ஜேர்மன் எங்கை படிச்சனீ எண்டு கேட்டார். அந்தக் கரையிலை எண்டன். அப்ப இந்த இடம் தெரிஞ்சிருக்குமே எண்டார். வர விடேல்லை எண்டு சொன்னன்.”

காவல்காரர் சைக்கிளை நிமிர்த்தினார். பாதை போகிற பக்கத்தைக் காட்டி நீளமாக ஏதோ சொன்னார். கடைசியில் மேரியம்மாவின் சால்வையைப் பார்த்துச் சிரித்து, ஆய்ந்ததைச் சாப்பிடுங்கள் என்று சைகை காட்டிவிட்டுப் போனார்.

“அப்ப எசனுக்குப் போவமே?” என்றார் மேரியம்மா, பெட்டியை வெளியே எடுத்தபடி.

றோஸ் புருசன் முகத்தையே பார்த்தாள். அவர் பாதையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“இந்த வழி ஆறு வரைக்கும் போகுதாம்” என்றார். “ஆரும் போகலாமாம்.”

சொல்லிவிட்டு நடந்தார். றோஸ் ஓடிப் போய்ப் பக்கத்தில் சேர்ந்துகொண்டாள். பறவை பார்க்கக் கட்டிய பலகைக் குடிலுக்குள் இருவரும் ஒரே துவாரத்தால் எட்டிப் பார்த்தார்கள். பட்டமரத்தில் நீர்க்காகங்கள் செட்டையை விரித்துக் காயவிட்டிருந்தன. “எங்கடை கடற்கரையிலை கிடக்கிறதும் இந்தச் சாதிதான்” என்றார் அவர். “இது கொஞ்சம் கொழுத்தது” என்றாள் அவள். பெண்கள் பின்னால் பழம் தின்று கதைத்துக்கொண்டு வந்தார்கள்.

பாதை முடிந்த இடத்தில் றைன் ஓடியது. அகலமான, வேகமான, மண்ணிறத் தண்ணீர். கரையில் ஒரு சிறிய படகு, ஆட்களையும் சைக்கிள்களையும் ஏற்றி மறுகரைக்குக் கொண்டுபோகிறது. சூசைரட்ணம் அதைக் கண்டதும் யாரையும் கேட்கவில்லை. படகுக்காரரிடம் இரண்டு விரலைக் காட்டினார்.

“தம்பி, எங்கை ஏறுறாய்? கடை பூட்டப்போறாங்கள்!” என்று மேரியம்மா கத்தினார். “வானைப் பூட்டின திறப்பை எண்டாலும் தந்திட்டுப் போ!”

“திறப்பு என்ரை பொக்கெற்றுக்குள்ளைதான் இருக்கு, அக்கா. வாறவை வாங்கோ. வராதவை கரையிலை நிண்டு பழத்தைச் சாப்பிடுங்கோ.”

மேரியம்மா தலையில் அடித்துக்கொண்டு, சீலையைத் தூக்கிப் பிடித்துப் படகில் முதல் ஆளாக ஏறினார். படகு அசைந்தது. சூசைரட்ணம் கையை நீட்டினார். பேசாலைக்காரி றோஸ் அந்தக் கையைத் தட்டிவிட்டு ஒரே தாவலில் ஏறி, படகின் முனையில் இடம் பிடித்து, பக்கத்துப் பலகையைத் தட்டினாள்.

“இதிலை வந்து இருங்கோ. முன்னுக்கு இருந்தால்தான் அந்தக் கரை வடிவாத் தெரியும்.”