கவ்வாத இடுக்கி

எழுதுகிறவர்கள் வரிசையில் எனக்கு இடமில்லை என்று எனக்கே தெரியும். ஆறாம் வகுப்போடு நின்றவன். நாலு பேர் நடுவில் வாய் திறக்கவே கூசுவேன். பேனாவைத் தொட்டதைப் பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஒரு இடுக்கியைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டு எழுந்துவிடுகிறேன்.

ஐம்பதுகளின் கடைசியில் சிராங்கூன் ரோட்டுப் பக்கம் ஒரு சலவைக்கடையில் இருந்தேன். சைக்கிளில் போய்த் துணி எடுத்துவருவதும் கொண்டுபோய்க் கொடுப்பதும் என் வேலை. எங்கள் கடைக்குப் பெயர் கிடைத்ததே கஞ்சியால்தான். சட்டை, தலையணை உறை, கைக்குட்டை, கையுறை, எது வந்தாலும் முதலாளி கஞ்சியில் முக்கிவிடுவார். "வெறைப்பா நிக்கலன்னா அது துணியில்ல, கந்தல்" என்பார்.

தங்லின் பக்கத்துப் பங்களா ஒன்றில் இருந்த துரைசாணிதான் எங்களுக்குப் பெரிய வாடிக்கை. எதிர்ச்சாரியில் சலவைக்கடை வைத்திருந்த சீனருக்கும் அந்த வீட்டின்மேல் ஒரு கண். ஒருநாள் அந்த வீட்டு மூட்டையைப் பிரித்தபோது ஒரு துண்டுக்குள் ஏதோ சாமான் சுற்றியிருந்தது. பழைய மரம், கை பட்டுப் பட்டு வழவழத்துப் போயிருந்தது. கொக்கின் அலகுபோல நீண்ட மூக்கு, பின்னால் இரண்டு பிடி. பிடியை அமுக்கினால் எந்த இடுக்கியும் வாயை மூடும். இது திறந்தது.

"மறந்து சுருட்டிட்டாங்க போல" என்றேன்.

"துண்டுல பத்திரமா சுத்தியிருக்கு லா, மறந்ததா? துணிக்குத்தான் குடுத்திருக்காங்க" என்றார் இஸ்திரி போடும் அண்ணன்.

"துணிக்குன்னா எதுக்குண்ணே?"

"அத அந்த அம்மாகிட்டதான் கேக்கணும்."

முதலாளி பதறிப்போனார். "கேட்டா கெட்டது போ. டோபிக்கு இதுகூடத் தெரியலன்னு மூட்டை நேரா எதிர்க்கடைக்குப் போயிரும்."

எனக்கு உள்ளூர நிம்மதி. அந்த அம்மாவிடம் கேள்வி கேட்பதைவிட மூட்டையோடு புக்கித் தீமா மேட்டில் இரண்டுமுறை சைக்கிள் மிதித்துவிடுவேன்.

அண்ணன் அதைச் சட்டைப் பைக்குள் விட்டு அமுக்கினார். தையல் பிரிந்தது. முதலாளி காலருக்குள் விட்டுப் பார்த்தார். காலர் வாத்து வாயானது. சத்தம் கேட்டு உள்ளிருந்து வந்த முதலாளியம்மா சாமானைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏங்க, உங்க கொறட்ட தங்லின் வரைக்கும் கேட்டிருக்கும். மூக்குல விட்டுத் தொறந்து வைக்கத்தான் அனுப்பியிருக்காங்க."

"போய் வேலையப் பாரு."

துணி கொடுக்க வேண்டிய நாளும் வந்துவிட்டது. பிரிந்த தையலை அண்ணன் தைத்துவிட்டார். சாமானைச் சும்மா திருப்பிக் கொடுத்தால் குட்டு வெளிப்படும் என்று முதலாளி காலையிலிருந்து சாப்பிடவில்லை. முதலாளியம்மா துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். துரைசாணியின் வெள்ளைக் கையுறை கருவாடு மாதிரி காய்ந்து கிடந்தது. ஆசைக்கு அதைப் போட்டுப் பார்க்கப் போனார்.

"வெரலே நொழையலியே. இத எப்படிப் போடுவாங்க?"

முதலாளி கையுறையைப் பார்த்தார், மர அலகைப் பார்த்தார். கஞ்சியில் ஒட்டிப்போன விரல் ஒன்றுக்குள் அலகை விட்டு அமுக்கினார். மொறுமொறுவென்று சத்தம் கேட்டது. விரல் திறந்துகொண்டது.

"நாந்தான் அப்பவே சொன்னேன்ல, துணிக்குன்னு" என்றார் அண்ணன்.

முதலாளி முகம் மலர்ந்துவிட்டது. "போன வாரம்தான் மொதல்ல கையுறைய சலவைக்குப் போட்டாங்க. இந்த வாரம் சாமான் வருது. நம்ம கஞ்சிக்குன்னே வெள்ளக்காரன் கருவி செஞ்சு வச்சிருக்கான் பாரு."

பத்து விரலையும் அவரே திறந்துவிட்டார். சைக்கிள் கூடையில் மூட்டைக்கு மேலே இரண்டு கையுறைகளும் நிமிர்ந்து நின்று, வழியெல்லாம் போகிற வருகிறவர்களுக்குக் கை காட்டிக்கொண்டே வந்தன.

துரைசாணி சாமானை எடுத்து உள்ளே வைத்தார். ஒரு கையுறையை எடுத்து மேசையில் தட்டினார். டொக் டொக் என்றது. "கெராஸ், கெராஸ்" என்று எனக்குப் புரியட்டும் என்று மலாயில் சொன்னார். விறைப்பு என்று அர்த்தம். உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். சிரிப்பா கோபமா என்று நிமிர்ந்து பார்க்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

முதலாளி கடை வாசலிலேயே நின்றிருந்தார். "என்ன சொன்னாங்க?"

"வெறைப்பா இருக்குன்னாங்க, முதலாளி."

"சொல்லாம இருப்பாங்களா" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

அடுத்த வாரம் அந்த வீட்டுக்குத் துணி எடுக்கப் போனேன். மூட்டை எங்களுக்குத்தான் கிடைத்தது. அதில் கையுறை இல்லை.