அரை நாள் நான் நடத்திய கரண்டு சமஸ்தானம்

நேற்று ஊட்டிப் பக்கத்து எங்கள் இத்தலாரில் நடந்ததை ஒருத்தரும் நம்பப் போவதில்லை. என் மீசை மேல் சத்தியம்! (மீசையை எடுத்துப் பத்து வருஷம் ஆகிறது.)

மூன்று நாளாகக் காற்று. ஊட்டியைக் கழற்றி மேட்டுப்பாளையத்தில் வைத்துவிட்டுப் போகிற காற்று!

எங்கள் வரிசை மூன்று வீட்டுக்கும் வருகிற மின்கம்பி மேல் ஒரு கற்பூர மரம் (யூகலிப்டஸ்தான்) விழுந்தது. கம்பி அறுந்து மூன்று வீடும் இருட்டு.

நேற்றுக் காலை பார்த்தால் வெயில்! கூரை மேல் என் சோலார் பேனல் ராஜகிரீடம் போல் மின்னுகிறது. கீழே ஒரு பல்பு எரியவில்லை.

அதை மாட்டிய மெக்கானிக் அன்றைக்கே சொல்லியிருந்தார்.

"லைன்ல கரண்டு இருந்தாத்தானுங்க இது ஓடும். லைன் நின்னா தானா நின்னுக்கும். கம்பத்துல ஆளு இருப்பாங்கல்லங்க."

முப்பது வருஷம் ஃபேக்டரி ஃபிட்டர் நான். சூரியனுக்கே ஸ்பேனர் போட்டவன். எனக்கா ரூல்ஸ்?

கேரட் தோட்டத்து ஜெனரேட்டரைத் தூக்கி வந்து வீட்டு வயரிங்கில் இணைத்தேன். லைன் வந்துவிட்டது என்று சோலார் ஏமாந்துவிடும்.

ஏமாந்தது! வீடு ஜெகஜ்ஜோதி!

"ஏனுங்க, மெயின ஆஃப் பண்ணீட்டீங்களா?" என்றாள் என் மனைவி சரோஜா.

"அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். நீ மிக்சியப் போடு."

பக்கத்து வீட்டு ராசு வாசலுக்கு ஓடி வந்தான்.

"அண்ணா, எங்கூட்டு பல்பும் எரியுதுங்க! லைன் வந்துருச்சுங்களா?"

"நாந்தான்டா அனுப்பறேன்! இன்னைக்கு இந்த ஊருக்குக் கரண்டு மகாராஜா நாந்தான்!"

சிரித்தோம். என் வீட்டுக் கரண்டு எந்த வழியாக அவன் வீட்டுக்குப் போனது என்று இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

நான் அணைக்காத மெயினைத் தாண்டி, அந்த அறுந்த கம்பி வழியாகத்தான்.

வளைவுக்கு அந்தப் பக்கம், அதே கம்பியைக் கட்ட லைன்மேன் சிவராஜ் கம்பத்தில் ஏறியிருந்தான். டிரான்ஸ்ஃபார்மரை ஆஃப் செய்துவிட்டுத்தான் ஏறினான். அவன் கணக்கில் அது செத்த கம்பி.

திடீரென்று பட்டாசு மாதிரி ஒரு சத்தம். என் ஜெனரேட்டர் நின்றது. மிக்சி நின்றது.

ஓடினோம். கம்பத்தடியில் சிவராஜ் உட்கார்ந்திருந்தான். சறுக்கி இறங்கியதில் இரண்டு உள்ளங்கையிலும் தோல் இல்லை. புருவம் கருகியிருந்தது.

பக்கத்தில் ஒரு இரும்புச் சங்கிலி. கை வைப்பதற்கு முன்னால் அதைக் கம்பிகள் மேல் போடுவது அவர்கள் வழக்கம். செத்த கம்பியாக இருந்தாலும் போடுவார்கள்; எங்கிருந்தாவது கரண்டு வந்தால் ஆள் மேல் ஏறாமல் சங்கிலியிலேயே வெடித்துவிடும்.

"யாரு ஊட்டுல இருந்துங்க கரண்டு வந்துச்சு?" என்று கேட்டான் சிவராஜ்.

ராசு என் கூரையைப் பார்த்தான்.

"குளிர்ல கை வெறைச்சுப் போச்சுங்கண்ணா," என்றான் சிவராஜ். "இன்னைக்கு ஒரு நாள் சங்கிலி வேண்டாம்னு நெனச்சேனுங்க. அப்பறம் என்னமோ போட்டுட்டேன்."

அவ்வளவுதான் சொன்னான். திட்டியிருக்கலாம்.

கையில் துணியைச் சுற்றிக்கொண்டு மறுபடி ஏறினான். ஏறுவதற்கு முன் என் வீட்டு மெயின் ஸ்விட்சைத் தானே வந்து இறக்கிவிட்டுப் போனான்.

சோலாரும் ஜெனரேட்டரும் வைத்திருக்கிற மக்களே, உங்கள் மெயின் ஸ்விட்ச் எங்கே இருக்கிறது? ஒரு தரம் எழுந்து போய்ப் பாருங்கள்.

மற்றபடி, வழக்கம்போல் நான் நிறைய அளந்திருக்கிறேன். காற்று ஊட்டியைக் கழற்றவில்லை. என் வீடு ஜெகஜ்ஜோதியும் இல்லை. மகாராஜாவும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

சிவராஜின் உள்ளங்கை நிஜம். இன்னொரு சின்ன விஷயமும் நிஜம்.

ராசு வீட்டு பல்பு எரிந்தது. அதைப் பார்த்து நான் சிரித்தேன்.