திங்கட்கிழமைக் கையெழுத்து

சேலையூர் கேம்ப் ரோட்டில் எங்கள் டூவீலர் ஒர்க்‌ஷாப் வாசலில் அந்த ஆபீசரம்மா ஸ்கூட்டரை நிறுத்தி இறங்கிய சாயங்காலம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. ஏதோ சர்வீஸுக்கு வந்தவர் என்றுதான் நினைத்தேன். என் மெக்கானிக்கின் முகம் வெளுத்ததைப் பார்த்த பிறகுதான் விஷயம் வேறு என்று புரிந்தது. ஞாயிறு முழுக்க ஊர் சுற்றிய வண்டிகளெல்லாம் திங்கள் காலையில்தான் எங்களிடம் வந்து நிற்கும். அந்த நேரம் பார்த்து வாராவாரம் அவன் காணாமல் போவான். கேட்டால் அம்மாவுக்கு ஆஸ்பத்திரி என்பான். பொறுத்துப் பார்த்துவிட்டு, "அடுத்த திங்கள் வரலைன்னா அப்புறம் வரவே வராத" என்று சொல்லியிருந்தேன்.

வந்தவர் அவனுடைய நன்னடத்தை அலுவலர். அதை அவர் வாயால் சொல்லவில்லை. "நீயே சொல்லுப்பா. நான் சொன்னா புகார் மாதிரி இருக்கும்" என்று அவனைப் பேசவிட்டார். ஓர் அடிதடி வழக்கு. நீதிமன்றம் சிறைக்கு அனுப்பாமல், அலுவலரின் மேற்பார்வையில் ஒழுங்காக இருக்கச் சொல்லி விட்டிருந்தது. திங்கள்தோறும் காலையில் ஆபீசுக்குப் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். போகாவிட்டால் ஜெயில், போனால் என்னிடம் வேலை போகும். வழக்கைக் கேட்டு எனக்குக் கோபம் வரவில்லை. "அப்போ உங்கம்மா?" என்றேன். "ஊர்ல சோக்கா கீதுண்ணா" என்றான் தலையைக் குனிந்தபடி. ஆபீசரம்மாவுக்கே சிரிப்பு தாங்கவில்லை.

சிரித்து முடித்துவிட்டு என்னிடம் திரும்பினார். "கையெழுத்து வாங்குறதுக்காக இவன் பொழப்பைக் கெடுத்துட்டா, அப்புறம் நான் எதை சார் மேற்பார்வை பண்றது? சாயங்காலத்துக்கு மாத்தச் சொல்லி மேலே எழுதியிருக்கேன். உத்தரவு வர்ற வரைக்கும் இவனை விட்டுடாதீங்க." உத்தரவு ஆடி அசைந்துதான் வந்தது. அதுவரை திங்கள் காலைகளில் நானே ஸ்பேனரைப் பிடித்தேன், வாடிக்கையாளர்களின் ஏச்சையும் வாங்கிக்கொண்டேன். பிறகு அவர் கடைக்கே வர ஆரம்பித்தார். என்ன சமைச்ச, பழைய கூட்டாளிங்க கூப்பிட்டப்போ என்ன சொன்ன, இவ்வளவுதான் விசாரணை. "கையெழுத்தைப் பார்த்தா ஆள் வந்தான்னு தெரியும். ஆள் எப்படி இருக்கான்னு முகத்தைத்தானே பார்க்கணும்" என்பார்.

இப்போதெல்லாம் ஆள் இருக்குமிடத்தைச் செல்போனே சொல்லிவிடும் என்கிறார்கள். சொல்லட்டும். அவன் இன்றும் என்னோடுதான் இருக்கிறான். ஆபீசரம்மா ஓய்வு பெற்றுவிட்டார். மேற்பார்வை முடிந்த அன்று அவன், "இனிமே இந்தப் பக்கம் வர மாட்டீங்களா மேடம்?" என்று கேட்டான். "வந்தா உனக்குத்தான்டா கெட்ட பேரு" என்று சொல்லிக்கொண்டே சாவியை எடுத்தார். அவன் எதிர்க்கடைக்கு ஓடிப்போய் டீ வாங்கி வந்து நீட்டினான்.

"குடிச்சிட்டுப் போக்கா."