அக்காவின் காரும் உள்பக்கத்து பிரேக் பேடும்

அக்கா நம்மை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரை வாங்கிப் பந்தியில் உட்காரும் முன்போ, பஸ்ஸில் ஊர் திரும்பும்போதோ புரட்டப்போகும் சொந்தபந்தங்களுக்கும், ஏலக்காய் வியாபாரத்தில் அக்காவோடு பழகியவர்களுக்கும் அவருடைய ஒரே தம்பியின் வணக்கம்.

அக்காவின் மகள், எனக்கு மருமகள், கட்டுரை கேட்டபோதே சொல்லிவிட்டாள்: "ரெண்டு பக்கம் போதும் மாமா. அம்மாவத் தெய்வம் கிய்வம்னு எழுதிராதீங்க. அவுகளுக்கே சிரிப்பு வந்துரும்." எனக்கும் அதுவே தோதாக இருந்தது. நான் கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர். நடந்ததை நடந்தபடி எழுதுவதுதான் என் பிழைப்பு. ஒரே ஒரு முறை அதைச் செய்யாமல் விட்டிருக்கிறேன். அது பின்னால் வரும்.

அக்கா பிறந்தது ஆண்டிபட்டிக்குப் பக்கத்தில். அப்பாவுக்கு இருந்தது மானாவாரி நிலம். மழை பெய்த வருடம் சோளம், பெய்யாத வருடம் மதுரையில் கூலி வேலை. பத்தாம் வகுப்போடு அக்காவின் படிப்பு நின்றது. எட்டு வயது இளையவனான என்னைப் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்பிவிட்டு அம்மாவோடு களையெடுக்கப் போனார். பிறகு கம்பத்தில் கட்டிக்கொடுத்தார்கள். மச்சான் ஜீப் ஓட்டினார். விடிந்ததும் ஏலத்தோட்டத்துக்கு வேலையாட்களை ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் மெட்டு ஏறி, சாயங்காலம் இறக்கிக்கொண்டு வருவார்.

மச்சான் தன் வண்டியின் பிரேக்கை அடுத்தவர் கையில் விட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் சக்கரத்தைக் கழற்றிவிடுவார். அக்காவும் கூடவே உட்கார்ந்து வேலை செய்வார். அதற்கென்று ஒரு நோட்டு வைத்திருந்தார்கள். எந்தச் சக்கரம், எவ்வளவு தேய்மானம் என்று எழுதி, கடைசியில் "பார்த்தது" என்று ஒரு கட்டம். மச்சான் பார்த்திருந்தால் அக்கா அதில் "அவுக" என்று எழுதுவார். தான் பார்த்திருந்தால் "நான்". இருபது பேர் உயிரோடு மலையிறங்குகிற வண்டி, யார் பார்த்தது என்று தெரிய வேண்டாமா என்பது மச்சானின் கட்சி.

மருமகளுக்கு மூன்று வயதிருக்கும்போது மச்சான் நெஞ்சுவலியில் போய்விட்டார். ஜீப் கைமாறியது. நோட்டை மட்டும் அக்கா கொடுக்கவில்லை.

அதன்பிறகு அக்கா குமுளியில் ஏலக்காய் தரம் பிரிக்கும் வேலைக்குப் போனார். நான்கைந்து வருடங்களில் சல்லடை இல்லாமலே ஏழு மில்லிமீட்டர் காய் எது, எட்டு மில்லி எது என்று கண்ணால் சொல்லும் அளவுக்கு வந்துவிட்டார். மூட்டையின் வாயைப் பார்த்து எதுவும் சொல்ல மாட்டார். முழங்கை மறையக் கையை உள்ளே விட்டு அடியிலிருந்து ஒரு பிடி எடுப்பார். "மேல இருக்கறது நமக்குக் காட்டுறதுக்கு வச்சது. உள்ள இருக்கறதுதேன் காயி" என்பார். வியாபாரிகள் நம்பி மாதிரிக் காய்ப் பைகளைக் கொடுத்து அனுப்ப ஆரம்பித்தார்கள். போடியில் ஏலம், குமுளியில் கொள்முதல், வீடு கம்பத்தில். பஸ்ஸை நம்பிக் கட்டுப்படியாகவில்லை. பழைய சின்னக் கார் ஒன்றை வாங்கினார். குடும்பத்தில் முதல் கார் அதுதான். ஓட்டியது ஒரு பெண் என்பதில் அப்பாவுக்குப் பெருமையும் இருந்தது, பயமும் இருந்தது.

பிரேக் பேடை எப்போது மாற்றுவது என்பதில் அக்காவுக்கு அவருடைய கணக்கு உண்டு. தேனி, சின்னமனூர் என்று தரையிலேயே ஓடும் வண்டிக்குப் பேடின் கனம் மூன்று மில்லி ஆகும் வரை விடலாம். மலை ஏறி இறங்கும் வண்டிக்கு நான்கு மில்லி வந்ததுமே மாற்றிவிட வேண்டும். ஒரு சக்கரத்துக்கு மாற்றினால் எதிர்ச் சக்கரத்துக்கும் சேர்த்து மாற்ற வேண்டும். கார்த்திகை பிறந்தால் ஐயப்ப சாமிமார் வண்டிகள் குமுளி ரோட்டில் வரிசைகட்டி நிற்கும். நகர்ந்து, பிடித்து, நகர்ந்து, பிடித்து என்று இறங்க வேண்டும். அதனால் ஐப்பசிக் கடைசியில் ஐந்து மில்லி இருந்தாலும் அக்கா மாற்றிவிடுவார். "இன்னும் தேயலையேக்கா" என்று ஒரு தடவை கேட்டேன். "தேஞ்சதுக்கு அப்புறம் மலைக்கு நடுவுல நின்னு மாத்துவியாலே?" என்றார்.

பேடு என்பது இரண்டு துண்டு. சக்கரத்தின் உள்ளே சுழலும் வட்டத் தகட்டை இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று கவ்விப் பிடிக்கும். வெளிப்பக்கத்துத் துண்டு சக்கரத்தின் ஓட்டை வழியாகவே தெரியும். உள்பக்கத்தைச் சரியாகப் பார்க்கச் சக்கரத்தைக் கழற்ற வேண்டும். இரண்டும் ஒன்றுபோலத் தேயும் என்று சொல்ல முடியாது. கவ்வி நகர்வதற்கென்று இருக்கும் கம்பி துருப்பிடித்து இறுகிவிட்டால் உள்பக்கம் மட்டும் கரைந்துகொண்டே போகும். இதையெல்லாம் நான் எழுதுவதற்குக் காரணம், பதின்மூன்று வருடங்களுக்கு முன்னால் நடந்ததை நீங்கள் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும்.

வீரபாண்டி சித்திரைத் திருவிழா நேரம். எனக்கு மகள் பிறந்த வருடம் அது. அவளுக்காக வேண்டிக்கொண்டு அக்கா தீச்சட்டி எடுத்திருந்தார். மறுநாள் உள்ளங்கை இரண்டிலும் கொப்புளம். "ஆத்தா சுடலலே, சட்டிதேன் சுட்டுருச்சு" என்று சிரித்தார். நான், என் மனைவி, கைக்குழந்தை, அப்பா, மாமனார் வீட்டார் எல்லோரும் கம்பத்தில் அக்கா வீட்டில்தான் இருந்தோம். கோயிலுக்குக் கிளம்ப வேன் வாசலில் நின்றது. அப்போது அக்கா என்னிடம் வந்தார்.

"ஏலே, நாளைக்கு அப்பாவ முட்டிவலிக்குக் குமுளி வைத்தியருகிட்டக் கூட்டிட்டுப் போறேன். ஸ்டியரிங் பிடிச்சிருவேன், ஸ்பேனர்தேன் பிடிக்க முடியல. முன்சக்கரத்தக் கழட்டிப் பேடப் பாத்துரு."

நான் வெள்ளை வேட்டி கட்டியிருந்தேன். வேனில் மாமனார் காத்திருந்தார். வேட்டியை மடித்துக் குந்தி, செல்போன் வெளிச்சத்தில் சக்கர ஓட்டை வழியாகப் பார்த்தேன். எழுந்து கையைத் தட்டிக்கொண்டேன்.

"அஞ்சு மில்லி இருக்குக்கா."

"உள்பக்கம்?"

"அதும் அம்புட்டுத்தேன்."

சக்கரத்தை நான் கழற்றவே இல்லை. நான் வேனுக்கு நடந்தபோது அக்கா நோட்டை எடுத்து எழுதிக்கொண்டிருந்தார்.

மறுநாள் அக்கா, அப்பா, பதினோரு வயது மருமகள் மூவரும் குமுளி போனார்கள். ஏறும்போதே கீச்சென்று சத்தம் கேட்டதாம். "அம்மா, ஏதோ கத்துது" என்று மருமகள் சொல்ல, "அஞ்சு மில்லி இருக்குத்தா, தூசியா இருக்கும்" என்றாராம் அக்கா. அந்த ஐந்து மில்லி எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். திரும்பி இறங்கும்போது மிதியை அழுத்த அழுத்த உள்ளே போனது, வண்டி நிற்கவில்லை. அக்கா இரண்டாம் கியருக்கும், பிறகு முதல் கியருக்கும் இறக்கி, கைபிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, பள்ளத்துப் பக்கம் விடாமல் மலைப்பக்கத்துச் சாக்கடையில் உரசி நிறுத்தினார். லோயர் கேம்ப் மின்நிலையத்துக் குழாய்கள் கண்ணுக்குத் தெரிகிற இடம். அப்பாவுக்கு நெற்றியில் இரண்டு தையல். மூக்குக் கண்ணாடி தூள். மருமகளுக்கு ஒன்றும் இல்லை. அக்காவின் கைக் கொப்புளங்கள் உடைந்து ஸ்டியரிங் பிசுபிசுத்துக் கிடந்ததை நான் பிறகு பார்த்தேன்.

போன் வந்ததும் வேனை எடுத்துக்கொண்டு வீட்டில் இருந்த அத்தனை பேரும் அங்கே போய்விட்டோம். கம்பத்திலிருந்து வரவழைத்த மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றி உள்பக்கத்துத் துண்டை எடுத்து நீட்டினார். "பேடு எங்கனக்கா இருக்கு? வெறுந்தகடுல இருக்கு!" அப்பா நெற்றியில் துண்டை அழுத்திக்கொண்டு எழுந்து வந்தார்.

"ஏத்தா, யாரு பாத்தது இத?"

"நாந்தேம்ப்பா" என்றார் அக்கா.

என் பக்கம் அவர் திரும்பவே இல்லை. என் வாயில் நாக்கு இருந்தது. நான் பேசவில்லை.

"பிள்ளையையும் கொன்னு என்னையும் கொன்னுருப்ப. சாவியக் குடு" என்றார் அப்பா. அக்கா கொடுத்தார்.

சாவி ஒன்றரை வருடம் ஆண்டிபட்டியில் அப்பாவின் பெட்டியில் இருந்தது. அக்கா மாதிரிப் பைகளோடு பஸ்ஸில் நின்றுகொண்டு போனார். ஏலத்துக்கு நேரத்துக்குப் போய்ச் சேர முடியாமல் இரண்டு வியாபாரிகள் விலகிப்போனார்கள். அப்பா சாவியைத் திருப்பிக் கொடுத்தபோதும் ஒரு நிபந்தனை போட்டார்: இனி சக்கரத்தில் கை வைக்கக் கூடாது, எல்லாம் ஒர்க் ஷாப்பில்தான். அக்கா அதைக் கடைசிவரை மீறவில்லை, அப்பா காலமான பிறகும்கூட. மெக்கானிக்கின் பக்கத்தில் நின்று உள்பக்கத்தைக் காட்டச் சொல்லிப் பார்ப்பார். "எக்கா வந்து நின்னாகன்னா எனக்குக் கை ஓடாதுண்ணே, பரீட்சை மாதிரி இருக்கும்" என்று அந்த மெக்கானிக்கே என்னிடம் சொன்னார்.

நம் வீட்டு விசேஷங்களில் இது ஒரு கதையாகவே ஓடியது. "பொம்பளைக்கு எதுக்கு ஸ்பேனரு" என்று கேட்டால் எல்லோரும் சிரிப்பார்கள். இதை வாசிக்கும் உங்களில் சிலரும் சொல்லியிருக்கிறீர்கள். உங்களைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. நானும் பக்கத்தில் நின்று சிரித்தவன்தான்.

கடைசி இரண்டு வருடங்கள் அக்காவுக்குச் சிறுநீரகம் வேலை செய்யவில்லை. வாரம் இரண்டு நாள் டயாலிசிஸுக்குத் தேனி போக வேண்டும். அதே காரில் நான்தான் கூட்டிப்போனேன். ஒரு நாள் வீரபாண்டி தாண்டும்போது வாயைத் திறந்தேன்.

"அக்கா, அன்னைக்கு அந்த வீலு…"

"ரோட்டப் பாத்து ஓட்டுலே."

"இல்லக்கா, நான் கழட்டவே இல்ல. சும்மா சொல்லிட்டேன்."

"தெரியும். அங்கன வேகத்தடை இருக்கு, பாத்து எறக்கு."

இறக்கினேன். கொஞ்ச தூரம் போனதும் அவரே பேசினார்.

"ஒன் மாமனாரு, மச்சினன் எல்லாரும் நின்னாக. நீன்னு சொல்லியிருந்தா அப்பா ஒன்னய அத்தன பேரு முன்னால செருப்பால அடிச்சிருப்பாக. என்னய அடிக்க மாட்டாக, வண்டியத்தேன் புடுங்குவாக. அதேன் சொன்னேன்."

"அப்புறமாச்சும் நான் சொல்லியிருக்கணும்க்கா."

"ஆமா, சொல்லியிருக்கணும். அப்பா இருக்கையில சொல்லியிருக்கணும். நீ வருவ, வருவன்னு பாத்தேன். ஒன்றரை வருசம் பஸ்ல நின்னுக்கிட்டே போனேன்ல? கோவம் இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன் தம்பி."

 தேனி வந்ததும் வழக்கம்போல என் தோளைப் பிடித்து இறங்கினார். அந்த வாரமும் அடுத்த வாரமும் எனக்குச் சோறு இறங்கவில்லை என்பதை இங்கே எழுதினால் நானே என்னைப் பார்த்துப் பரிதாபப்படுவதாகிவிடும். அக்கா இருந்தபோதே உங்கள் எல்லோரையும் கூட்டிவைத்துச் சொல்லியிருக்கலாம். அதையும் நான் செய்யவில்லை. ஐம்பத்தாறு வயதில், தூங்கிக்கொண்டிருக்கும்போதே அக்கா அமைதியாக அடங்கிவிட்டார்.

அக்கா படுத்திருந்த காலத்தில் கைகொடுத்த அனைவருக்கும் குடும்பத்தின் சார்பில் நன்றி சொல்கிறேன். ஊசி குத்திக் குத்திக் கல்லாகிப்போன கையில் வலிக்காமல் நரம்பு பிடித்த நர்சம்மாக்களுக்கு; முறைவைத்துக் கஞ்சி கொண்டுவந்த பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு; குமுளியிலிருந்தும் போடியிலிருந்தும் வேலையை விட்டுவிட்டு வந்து பார்த்த ஏலக்காய்த் தோழிகளுக்கு; என்னால் முடியாத நாட்களில் வண்டியை ஓட்டிய அந்த மெக்கானிக்குக்கு.

மருமகள் கார் சாவியையும் நோட்டையும் சேர்த்து என்னிடம் கொடுத்து, "இதப் பாத்து எழுதுங்க மாமா" என்றாள். பதின்மூன்று வருடத்துக்கு முந்தைய அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்தேன். முன்சக்கரம், வெளிப்பக்கம் ஐந்து, உள்பக்கம் ஐந்து. "பார்த்தது" என்ற கட்டத்தில் முதலில் எழுதிய ஒரு சொல்லைத் தாள் கிழியுமளவுக்கு அடித்து, மேலே "நான்" என்று எழுதியிருந்தார். அடித்ததை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் படிக்க முடிகிறது. "தம்பி" என்று இருக்கிறது. அந்த நோட்டு முழுவதிலும் அக்கா எழுதிய பொய் அது ஒன்றுதான்.

மருமகள் அதைக் கவனித்தாளா என்று நான் கேட்கவில்லை. இந்தக் கட்டுரையை அச்சுக்குக் கொடுக்குமுன் அவள் படிப்பாள். மலரில் இது வந்திருந்தால், நீங்களும் படிக்கட்டும் என்று அவள் நினைத்திருக்கிறாள் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது அந்தக் காரை அவள்தான் ஓட்டுகிறாள். குமுளியில் வேலை, தினமும் ஏறி இறங்குகிறாள். போன ஞாயிற்றுக்கிழமை பழைய கைலி ஒன்றைக் கட்டிக்கொண்டு போய் முன்சக்கரம் இரண்டையும் கழற்றினேன். வெளிப்பக்கம் ஆறு மில்லி. உள்பக்கம் நான்கு. புது பேடு வாங்கிவந்து இரண்டு சக்கரத்துக்கும் மாற்றினேன். நோட்டில் எழுதியும் வைத்தேன். "பார்த்தது" என்ற கட்டத்தில் "தம்பி" என்று எழுதியிருக்கிறேன்.